மேயர் வீட்டுத் துடக்கு

மகனின் கலியாணத்துக்கு மண்டபம் எடுத்து, மேளத்துக்குச் சொல்லி, கூறைச்சேலையும் வந்து சேர்ந்துவிட்ட வீட்டில், மாப்பிள்ளையின் தாய் சாமியறைப் பக்கமே போகவில்லை என்றால் யாருக்காவது சந்தேகம் வரவேண்டும். தியாகராஜா வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. முழங்கால் நோகுது, குந்தி எழும்ப ஏலாது என்று பாலாம்பிகை சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். லண்டனில் அறுபதைத் தாண்டிய தமிழ்ப் பெண்களுக்கு முழங்கால் நோவு பொதுச் சொத்து. மகன் தர்சிகன் வேலைக்குப் போகுமுன் சாமியறைச் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனான். அந்த வீட்டுச் சாமிகளுக்கு அப்போது கரண்ட் வெளிச்சம்தான்.

உண்மையில் அது துடக்கு வீடு, சாவுத் தீட்டு விழுந்த வீடு. அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று பாலாம்பிகை, மற்றது அவள் புருஷன். தியாகராஜாவின் ஒரே தம்பி குகதாசன் ஆஸ்பத்திரியில் மோசம்போய், பிரேத அறைக் குளிருக்குள் கிடந்தான். உடன்பிறந்தவன் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, நல்ல காரியம் ஒன்றும் செய்யக் கூடாது. கலியாணம் என்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சிலர் வருசத் திவசம் முடியும் வரைக்கும் தள்ளிப்போடுவார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது அவள் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். குகதாசனின் சட்டைப் பையில் தியாகராஜாவின் விசிட்டிங் கார்ட் இருந்ததாம். அதைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். தியாகராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு கவுன்சிலர் குரலில் பேசினார். பாலாம்பிகைக்கு இங்கிலீஷ் நன்றாக விளங்கும். இருபது வருசம் கடையில் கல்லாவில் நின்றவள்.

"மிஸ்டர் கிறிஸ்துராஜாவா? ஓ, அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். நான் இந்தப் பகுதிக் கவுன்சிலர், அதனால் என் கார்டை வைத்திருப்பார். பாவம். உறவினர் யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்கிறேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"குகனோ?" என்று கேட்டாள் பாலாம்பிகை.

"ஓம். காலமை மோசம் போயிட்டானாம். றோட்டிலை வலிப்பு வந்து விழுந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினம்."

அவள் அடுப்பை நிற்பாட்டினாள். கத்தரிக்காயை வடிக்க மறந்துபோனாள்.

"தம்பியை ஏன் ஊர் ஆள் எண்டு சொன்னனீங்கள்?"

"நீர் கொஞ்சம் யோசியும். மூண்டு கிழமையிலை கலியாணம். அதை நிப்பாட்டினால் பொம்பிளை வீட்டுக்காரர் என்ன சொல்லுவினம்? அறுநூறு பேருக்குக் காட் குடுத்தாச்சு. அவன் அங்கை பத்திரமாக் கிடப்பான். கலியாணம் முடிஞ்ச அடுத்த நாளே எடுப்பம். நான் முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்வன்."

அவள் உடனே ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் சொன்னாள். பொம்பிளையை நினைத்தாள், தர்சிகனை நினைத்தாள், முப்பத்தாறு வயதில் ஒரு வழியாகப் பொருந்திவந்த சாதகத்தை நினைத்தாள். கலியாணம் முடியட்டும் என்று சொன்ன வாய்களில் அவளுடையதும் ஒன்று. அதை அவள் பிறகு ஒருநாளும் மறுக்கவில்லை.

அன்றைக்கே மச்சம் மாமிசத்தை விட்டாள். யாருக்கும் தெரியாமல் துடக்குக் காத்தாள். அவளால் அவனுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

தியாகராஜாவின் வாழ்க்கை வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் எங்கேயும் அலையத் தேவையில்லை. அவரே பிடித்து நிறுத்திச் சொல்லுவார். கணக்கியல் படிக்க வந்தது, ஹவுன்ஸ்லோவில் பெற்றோல் செட்டில் ஷிப்ட் அடித்தது, லண்டனில் முருங்கைக்காயைக் கண்ணால் காண வழியில்லாத காலத்தில் வெம்பிளியில் ஒரு பேப்பர் கடையை வாங்கி மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் விற்றது, எல்லாம் வரும். அந்தக் கடையை வேறு யாரும் எடுக்கவில்லை. கிழமைக்கு ஒருதரம் கண்ணாடியை உடைப்பார்கள். அந்த இடத்தில் அவர் வந்துதான் பின்னால் தமிழர் வந்தார்கள் என்பது அவருடைய வாதம். அதில் பொய்யும் இல்லை. பிறகு ஹவுன்ஸ்லோவில் ஒன்று, லூயிஷாமில் ஒன்று என்று கடைகள் பெருத்தன. பிறகு கட்சி, கவுன்சில். இந்த வைகாசியில் மேயர். ஊர்ச் சனம் இப்போதே மேயர் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அவரும் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அந்த வரலாற்றில் ஒரு இடம் எல்லா மேடையிலும் வரும். இரவு கடை பூட்டும் நேரம். தெருவில் மொட்டை அடித்த வெள்ளைக்காரப் பெடியள் கூட்டம். எறிந்த செங்கல் ஒன்று அவர் நெற்றியைப் பிளக்கிறது. இரத்தம் ஒழுக ஒழுக ஷட்டரை இழுத்து மூடுகிறார். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அதே கடையைத் திறக்கிறார். இந்த இடத்தில் தியாகராஜா தன் நெற்றியைத் தொடுவார். சபை எழும்பிக் கை தட்டும்.

அந்த நெற்றி பிறந்த அன்றைக்கு இருந்த மாதிரியே வழுவழு என்று இருக்கும். செங்கல் பட்டது குகதாசனுக்கு.

ஷட்டரை இழுக்க வெளியே போனவன் அவன்தான். தியாகராஜா கல்லாவுக்குப் பின்னால் இருந்தார். தன் சேலைத் தலைப்பால் அந்த நெற்றியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு அம்புலன்ஸில் போனது பாலாம்பிகை. புருவத்திலிருந்து தலைமயிர் வரைக்கும் தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு வலிப்பு வந்தது. மிச்சக் காசு கொடுக்கத் தடுமாறினான், பெயர்களை மறந்தான், பிறகு குடித்தான். நாற்பது வருசத்துக்கு முன் எறிந்த கல் இந்த மாசியில்தான் அவனைக் கொன்றது என்று பாலாம்பிகை நினைத்தாள். அவள் நினைத்தது பிழையில்லை.

அவன் லண்டனுக்கு வந்தது வேறொருவனின் பாஸ்போர்ட்டில். மன்னாரைச் சேர்ந்த கிறிஸ்துராஜா என்பவனின் பெயர் அது. ஏஜென்சிக்காரனைப் பிடித்து ஒழுங்கு செய்தது தியாகராஜா. அந்தப் பெயரிலேயே விசா கிடைத்தது, வீடு கிடைத்தது, பெனிபிட் வந்தது. பெயரை மாற்றுவோம், மாற்றுவோம் என்று சொல்லிச் சொல்லியே காலம் போய்விட்டது. "அண்ணி, வீட்டுக்குள்ளை நான் சைவம். பைலுக்குள்ளை வேதக்காரன்" என்று குகதாசன் பகிடி விடுவான். வேதக்காரர் என்றால் ஊரில் கிறிஸ்தவர். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி நத்தாருக்கு அவனுக்குக் கேக் கொடுப்பாள். அவனும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மெரி கிறிஸ்மஸ் சொல்லுவான்.

முதல் தேர்தல் கூட்டத்துக்கு அவன் குடித்துவிட்டு வந்தான். அண்ணன் மேடையில் நெற்றியைத் தொட்ட நேரம் பின்வரிசையிலிருந்து அவனும் எழும்பித் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு வீட்டுக்கு வரத் தடை. பாலாம்பிகை வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பாள், பஸ் ஏறிப் போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருவாள். கலியாணம் கட்டாத அவன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தான். "எனக்குக் கொள்ளி வைக்க ஆரும் இல்லை எண்டு நினையாதேங்கோ அண்ணி. என்ர பெறாமகன் தர்சி இருக்கிறான். அவன் வைச்சால் காணும்." அவள் ஓம் என்று சொல்லியிருந்தாள். அந்த ஓம் இப்போது அவள் நெஞ்சுக்குள் கிடந்து குத்தியது.

கலியாணம் சிறப்பாக நடந்தது. பாலாம்பிகை தேங்காய் தொடவில்லை, கும்பத்துக்குக் கிட்டப் போகவில்லை. எல்லாவற்றையும் ஒன்றுவிட்ட தங்கச்சியிடம் தள்ளிவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தாள். ஆனால் அறுகரிசி போட மாப்பிள்ளையின் தாயைக் கூப்பிட்டபோது தப்ப முடியவில்லை. மகனின் தலையிலும் மருமகள் ஜதுர்ஷிகாவின் தலையிலும் அரிசியைப் போட்டாள். கண் கலங்கியதைப் பார்த்துச் சனம் ஆனந்தக் கண்ணீர் என்றது. வீடியோக்காரன் கிட்ட வந்து எடுத்தான்.

தியாகராஜா கூட்டத்துக்குள் சுழன்று சுழன்று கை கொடுத்தார். கட்சிக்காரர், கவுன்சில்காரர், கோயில்காரர் என்று ஒருவரையும் விடவில்லை. மனிதருக்கு மனசு உறுத்தவில்லையா என்று பாலாம்பிகை பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு இருந்தபோது அவர் ஒரு வாய் சோற்றைப் பிசைந்து பிசைந்து இலையிலேயே வைத்துவிட்டு எழும்பினார். உறுத்தத்தான் செய்தது. உறுத்தலோடு நடமாட அவருக்குப் பழக்கம்.

மாப்பிள்ளை பொம்பிளை தேன்நிலவுக்குப் புறப்பட்ட அன்று அவள் கேட்டாள்.

"இனி எப்ப எடுக்கப் போறீங்கள்?"

"வைகாசி முடியட்டும்" என்றார் தியாகராஜா. "மேயர் விழா வருது. இப்ப செத்த வீடு எண்டு போட்டால் ஒரு தமிழனும் அதுக்கு வரமாட்டான். எங்கட ஆக்கள் நிறைஞ்சு இருக்க வேணும், வெள்ளையள் பாக்க வேணும். நான் ஒழுங்கு செய்து வைச்சிருக்கிறன். அவன் பத்திரமா இருக்கிறான்."

"குளிருக்குள்ளை வைச்சுக்கொண்டு பத்திரம் எண்டுறியள்."

"நீர் சும்மா இரும். எனக்குத் தெரியும் என்ன செய்யிறதெண்டு."

அவள் சும்மா இருந்தது சித்திரை முடியும் வரைக்கும். பிறகு வைகாசியில் ஒருநாள், அவர் கடைக்குப் போன பின், கைப்பைக்குள் குகதாசனின் படம் ஒன்றை வைத்துக்கொண்டு பஸ் எடுத்தாள். முதற்கடை திறந்த நாளில் எடுத்த படம். இரண்டு சகோதரர்களும் பெயர்ப்பலகைக்குக் கீழே தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். தேர்தல் நோட்டீசில் இதே படம் வரும். அதில் தியாகராஜாவின் தோளில் யாருடையதோ கை மட்டும் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு, அந்த ஆள் இப்போது இங்கே இல்லை, கவுன்சிலில் போய்க் கேளுங்கள் என்றார்கள். கவுன்சில் என்றதும் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அவர் சொன்ன ஒழுங்கு இதுவாக்கும் என்று நினைத்தாள். தன் புருஷன் மேயராகப் போகிற அதே கட்டடத்துக்குள் போய், யாரென்று சொல்லாமல் வரிசையில் இருந்தாள்.

கடைசியில் ஒரு உத்தியோகத்தி அவளைச் சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். ஐம்பது வயது மதிக்கலாம், களைத்த முகம். ஆதரவு இல்லாமல் செத்தவர்களை அடக்கம் செய்வதுதான் அவளுடைய வேலை. உரிமை கேட்டு ஒருவரும் வராவிட்டால் கவுன்சிலே எல்லாம் செய்து முடிக்கும்.

"நீங்கள் மிஸ்டர் கிறிஸ்துராஜாவுக்கு என்ன உறவு?"

"அவருடைய அண்ணனின் மனைவி."

அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தாள். "எங்களுக்கு உறவினர் ஒருவரும் கிடைக்கவில்லையே" என்றாள். "நாங்கள் தேடினோம். உங்கள் சமூகத்தில் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டோம். கவுன்சிலர் தியாகராஜாவிடம் நானே நேரில் கேட்டேன். எல்லா இடத்திலும் விசாரித்தாயிற்று, அவருக்கு இங்கே யாரும் இல்லை என்று அவர்தான் சொன்னார்."

பாலாம்பிகை கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப அவர் எங்கே?" என்று கேட்டாள்.

"அடக்கம் செய்துவிட்டோம்."

"எரித்துவிட்டீர்களா?"

"இல்லை, புதைத்தோம். பெயரைப் பார்த்துக் கிறிஸ்தவர் என்று விளங்கியது. பக்கத்து வீட்டு அம்மாவும் அவர் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவர் என்று சொன்னார். அதனால் மரியாதையாக ஒரு பாதிரியாரை வரவழைத்து ஜெபம் சொல்வித்தோம்." அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஒருவரும் இல்லாத அடக்கங்களுக்கு நான் எப்போதும் போவேன். அன்றைக்கும் போனேன். பூக்கொத்து வைத்தேன்."

என்றைக்கு என்று கேட்டாள் பாலாம்பிகை. அவள் சொன்னாள். கலியாணத்துக்கு முந்தின வியாழக்கிழமை. அது தர்சிகனுக்குப் பொன்னுருக்கிய நாள். வீடு நிறையச் சனம் இருந்து, தட்டான் தாலிக்குப் பொன் உருக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலையில், குகதாசனை யாரோ ஒரு பாதிரியார் மண்ணுக்குள் அனுப்பியிருக்கிறார். அவனுக்காக வந்து நின்றது இந்த வெள்ளைக்காரி ஒருத்தி. இவளுக்கு நன்றி சொல்வதா, இவள் காலைப் பிடித்து அழுவதா என்று பாலாம்பிகைக்குத் தெரியவில்லை.

"தோண்டி எடுத்து எரிக்க ஏலுமா?" என்று கேட்டாள்.

ஏலும், சுலபமில்லை, ஆனால் ஏலும் என்றாள் அந்தப் பெண். பத்திரத்தில் பெயர் பொருந்தாதபடியால் அண்ணியோ பெறாமகனோ கேட்டால் போதாது. உடன்பிறந்த அண்ணன் நேரில் வந்து, இவன் என் தம்பி என்று கையெழுத்து வைத்தால் மற்ற வேலையை அவள் பார்ப்பாளாம். "அண்ணன் உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

"ஓம். இருக்கிறார்" என்றாள் பாலாம்பிகை. யார் என்று மட்டும் சொல்லவில்லை. முதலில் அவரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள்.

அங்கிருந்து, அந்தப் பெண் சொன்ன இடுகாட்டுக்குப் போனாள். புல் இன்னும் முளைக்காத மண். குறுக்குத்தடி அடித்த சின்னச் சிலுவை, அதில் கிறிஸ்துராஜா என்று எழுதியிருந்தது. பூக்கொத்து காய்ந்துபோய்க் கிடந்தது. அவள் குந்தினாள். பொய்க்குச் சொன்ன முழங்கால் நோவு அப்போது உண்மையாகவே வந்தது. "குகன், அண்ணி வந்திருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது தியாகராஜா கண்ணாடிக்கு முன்னால் நின்று அடுத்த நாள் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மாலைதான் விழா. கை நெற்றிக்குப் போயிருந்தது.

"அது உங்கட நெத்தி இல்லை" என்றாள் பாலாம்பிகை.

அவர் திரும்பினார்.

"குகனைப் பாத்திட்டு வாறன். மண்ணுக்குள்ளை கிடக்கிறான். மேலை சிலுவை நட்டிருக்கு. உங்களிட்டை நேரிலை கேட்டவையாம். ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னனீங்களாம்."

தியாகராஜா கட்டிலில் இருந்தார்.

"முதல் நாள் ஊர் ஆள் எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன், பாலா" என்றார். "கவுன்சில்லை இருந்து வந்து கேக்கேக்கை, என்னெண்டு அதை மாத்திச் சொல்லுறது? முதல் ஏன் மறைச்சனீ எண்டு கேப்பினம். கிறிஸ்துராஜா எப்பிடி உனக்குத் தம்பி எண்டு கேப்பினம். எரிப்பினம் எண்டுதான் நான் நினைச்சன். சாம்பலை ஆரையும் விட்டு வாங்கிக் கடலிலை கரைப்பம் எண்டு இருந்தன். புதைப்பினம் எண்டு எனக்கென்ன தெரியும்."

அழுதார். அது பொய் அழுகை இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன், தோளில் தூக்கித் திரிந்த தம்பி. அவள் பக்கத்தில் போய் இருந்தாள்.

"தோண்டி எடுக்கலாமாம். நீங்கள் போய் என்ர தம்பி எண்டு கையெழுத்து வைக்க வேணும். அவ்வளவுதான். தர்சி கொள்ளி வைப்பான்."

அவர் மூக்கைத் துடைத்தார். "வைப்பம். கட்டாயம் வைப்பம்" என்றார். "மேயர் பதவி ஒரு வருசம்தானே. அது முடியட்டும்."

கண்ணீர் காயுமுன்னமே ஒரு வருசத்துக்கான ஒழுங்கைப் போட அந்த மனிதரால் முடிந்தது. அந்தக் குணத்தால்தான் மூன்று கடை வந்தது. அந்தக் குணத்தோடுதான் தானும் இவ்வளவு காலம் குடும்பம் நடத்தி, கலியாணம் முடியட்டும் என்று வாய் திறந்தாள் என்பது பாலாம்பிகைக்கு அப்போது விளங்கியது. அவளுக்கு அவர்மேல் வந்த வெறுப்பு தன்மேலும் வந்தது. எழும்பிப் போய்த் தனியறையில் படுத்தாள்.

காலையில் அவர் புறப்பட்டுப் போனதும் தமிழ் வானொலிக்குப் போன் எடுத்தாள். மரண அறிவித்தல் எடுக்கிற பிள்ளை மரியாதையாகப் பேசினாள். பிறந்த ஊர், தாய் தகப்பன் பெயர், உறவுமுறைகள் எல்லாம் கேட்டு எழுதினாள். "பார்வைக்கு எங்கை வைக்கிறீங்கள், அன்ரி? கிரியை எத்தினை மணிக்கு?" என்று கேட்டாள். பாலாம்பிகை சொன்னாள். "இப்பிடியே வாசிக்கிறதோ அன்ரி?" என்று கேட்டாள் அந்தப் பிள்ளை.

"ஓம் பிள்ளை. இப்பிடியே வாசியுங்கோ."

பிறகு தர்சிகனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வேலையை விட்டுவிட்டு ஜதுர்ஷிகாவோடு வந்தான். "அம்மா, யூ நியூ? கலியாணத்தண்டைக்கும் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு சோபாவைச் சுவரோடு தள்ளிக் கொடுத்தான். ஹோலில் வெள்ளைத் துணி விரித்தார்கள். முதற்கடைப் படத்தை வெட்டாமல் அப்படியே கதிரையில் சாத்தி, பக்கத்தில் விளக்கேற்றினாள் பாலாம்பிகை. வாசற்கதவைத் திறந்து விட்டாள்.

மத்தியானச் செய்திக்குப் பின் அறிவித்தல் போனது. தியாகராஜாவின் மூன்று கடைகளிலும் அந்த வானொலிதான் காலை முதல் பாடிக்கொண்டிருக்கும். கல்லாவில் நின்றவர்களும் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவர்களும் கேட்டார்கள்.

"யாழ்ப்பாணம் மட்டுவிலைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட இராசரத்தினம் குகதாசன் அவர்கள் கடந்த மாசி மாதம் லண்டனில் காலமானார். அன்னார், காலஞ்சென்ற இராசரத்தினம் மீனாட்சி தம்பதிகளின் அன்பு மகனும், கவுன்சிலர் தியாகராஜாவின் அன்புச் சகோதரரும், பாலாம்பிகையின் அன்பு மைத்துனரும், தர்சிகனின் பாசமிகு சித்தப்பாவும் ஆவார். உரிமை கோர ஒருவரும் இல்லை என்று சகோதரர் கூறியதால், அன்னாரின் பூதவுடல் கிறிஸ்துராஜா என்னும் பெயரில் கவுன்சிலால் அடக்கம் செய்யப்பட்டுவிட்டது. பார்வைக்கு வைக்கப்படமாட்டாது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல், மைத்துனி பாலாம்பிகை."

மாலையில் சனம் வரத் தொடங்கியது. மேயர் விழாவுக்கென்று பட்டுச்சேலை கட்டி வெளிக்கிட்டவர்கள் அதே பட்டோடு செத்த வீட்டுக்கு வந்தார்கள். உடுப்பு மாற்ற நேரமில்லை, வராமல் விடவும் மனமில்லை. விரித்த வெள்ளையில் குந்தியிருந்து படத்தைப் பார்த்தார்கள். தோளில் கிடந்த கை யாருடையது என்று அன்றைக்குத்தான் பலபேருக்குத் தெரிந்தது.

இருட்டுமுன் தியாகராஜா வந்தார். புதுக் கோட்டும் சூட்டும். விழாவுக்குப் போகும் கார் வெளியே காத்துநின்றது. சப்பாத்துக் குவியலுக்கு நடுவில் நின்று உள்ளே பார்த்தார். செத்த வீட்டுக்கு வருகிறவர்களை வாங்கோ என்று கூப்பிடுகிற வழக்கம் இல்லை. பாலாம்பிகை அவரையும் கூப்பிடவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சப்பாத்தைக் கழற்றினால் போதும், உள்ளே வந்து தம்பிக்கு முன்னால் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு நடக்கும் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. தர்சிகன் தள்ளியிருந்து தகப்பனுக்கு இடம் விட்டான்.

தியாகராஜா குனிந்தார். ஒரு சப்பாத்தின் நூலில் கை வைத்தார். வெளியே டிரைவர் ஒருதரம் ஹோர்ன் அடித்தான், நேரமாகிறது என்று. அவர் நிமிர்ந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார்.

செத்த வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவர்கள் போயிட்டு வாறன் என்று சொல்லக் கூடாது. அவரும் சொல்லவில்லை.